வரையாரின் பேரைத் தின்ற மை

முன்னொரு காலத்திலே, மேகம் கீழேயும் வீடுகள் மேலேயுமாக ஒரு மலை இருந்தது. பனிவரை என்று அதற்குப் பேர். அதன் உச்சியில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே வரையார் என்றொரு குலம் வாழ்ந்து வந்தது. சாமை விதைப்பார்கள், தேன் எடுப்பார்கள், ஆடு மேய்ப்பார்கள். சட்டம் என்று அவர்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். வாசலில் வந்து நிற்பவன் யாராக இருந்தாலும் உப்புப் போட்டுச் சமைத்த சோறு கொடுக்க வேண்டும். அந்த உப்பைத் தின்றவன் உயிருக்கு இவர்கள் காவல். இவர்கள் உயிருக்கு அவன் காவல்.

குலத்துக்குத் தலைவர் சடையாண்டி. இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். மனைவி இல்லை, இரண்டு பெண்கள். இளையவள் மாதாயி. மூத்தவள் சீராயி, வீட்டு அடுப்பு அவள் கையில்தான். இந்தக் கதை அந்தச் சீராயிக்கு நடந்தது.

அந்தச் சமயத்தில் கீழ்நாட்டில் ராஜா மாறினார். பழைய ராஜா ஒரே வாரத்தில் கப்பலேறிப் போய்விட்டார். மானகவசன் என்ற புது ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு மலைக்கு மலை முரசு அறைந்தார்கள்.

"தை அமாவாசைக்குள் மலைத்தலைவர்கள் எல்லாரும் வந்து புது ராஜாவின் வாளைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும்! வராதவன் பகைவன்!"

சடையாண்டி யோசித்தார். "பழைய ராஜாவுக்குக் கொடுத்த வாக்கு இன்னும் என் தலைமேல் இருக்கிறது. அவர் விட்டேன் என்று சொல்லாமல் இன்னொருவர் வாளை நான் எப்படித் தொடுவது?" என்றார். கடல் கடந்து ஆள் அனுப்பினார். பதில் வந்து சேர்ந்தபோது அமாவாசைக்கு மூன்றே நாள் இருந்தது. 'விட்டேன், போ' என்று பதில்.

அன்றைக்கே கிளம்பினார். முதல் நாள் ஆலங்கட்டி மழை அடித்தது. இரண்டாம் நாள் கல்லாற்றில் வெள்ளம் வந்தது. மூன்றாம் நாள் வெள்ளம் வடியவே இல்லை. அரண்மனைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது அமாவாசை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

ராஜா வேட்டைக்குப் போயிருந்தார். மந்திரி நாகதத்தன்தான் வரவேற்றான். "அடடா, இந்த வயதில் இவ்வளவு தூரமா! வந்தீர்களே, அதுவே போதும். வாளைத் தொடுங்கள், ராஜாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்று சிரித்தான். சடையாண்டி வாளைத் தொட்டார். நிம்மதியாக மலையேறினார்.

நாகதத்தன் ராஜாவிடம் சொல்லவில்லை.

அவன் ஒரு மாயக்காரன். சுடுகாட்டில் விழுகிற நிழல்களைச் சுரண்டி எடுத்துக் காய்ச்சி ஒரு மை செய்து வைத்திருந்தான். அந்த மையால் எந்தப் பேரை எழுதினாலும், மை காய்ந்த மறுகணம் எழுதியவனைத் தவிர உலகத்தில் எல்லாருடைய ஞாபகத்திலிருந்தும் அந்தப் பேர் அழிந்துபோகும். பனிவரைப் பள்ளத்தாக்கின்மேல் அவனுக்கு வெகுநாள் ஆசை. பள்ளத்தாக்கு வேண்டும், பழி வேண்டாம். அதற்கு இந்த மை போதுமல்லவா?

"எல்லாத் தலைவர்களும் வந்தார்களா?" என்று ராஜா கேட்டார்.

"ஒருவன் மட்டும் வரவில்லை மகாராஜா" என்று ஓர் ஓலையை நீட்டினான் நாகதத்தன்.

ராஜாவுக்குக் கோபம். யார், ஏன் என்று கேட்கவில்லை. படிக்கக்கூட இல்லை. முத்திரையை வைத்து அழுத்தினார்.

பத்து நாள் கழித்துப் பனிவரைக்கு அறுபது சிப்பாய்கள் ஏறி வந்தார்கள். தளபதி வீரமல்லன் சடையாண்டியைக் கும்பிட்டான். "பெரியவரே, அடிவாரக் கோட்டையில் இடமில்லை. குளிரும் தாங்கவில்லை. சில நாள் தங்கிக்கொள்ளலாமா?"

"இதைக் கேட்கவா வேண்டும்? வாருங்கள்" என்றார் சடையாண்டி.

வீட்டுக்கு மூன்று பேராகப் பிரிந்து தங்கினார்கள். சீராயி வீட்டில் தளபதி வீரமல்லன், முரசுக்காரன் சாத்தன், இருளப்பன் என்ற சிப்பாய் ஆகிய மூன்று பேர். பன்னிரண்டு நாள் சீராயி அவர்களுக்குச் சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். தளபதி அவள் அப்பாவோடு தாயம் ஆடினான். சாத்தன் மாதாயிக்குத் தாளம் போடக் கற்றுக்கொடுத்தான். இருளப்பன் விறகு பிளந்து கொடுத்தான்.

பன்னிரண்டாம் நாள் மாலை மூடிய ஓலை ஒன்று தளபதிக்கு வந்தது. சிப்பாய்களை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் படித்துக் காட்டினான். திரும்பி வந்து எப்போதும்போல் உட்கார்ந்து சாப்பிட்டான். சாத்தனும் சாப்பிட்டான். இருளப்பன் மட்டும் இலையை மடக்கினான்.

"என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்றாள் சீராயி.

"வேண்டாம் தாயி."

"கொஞ்சம் மோராவது?"

"வேண்டாம்."

"தேன் இருக்கிறது, புதுசு."

"உன் வீட்டில் எதுவுமே வேண்டாம் தாயி" என்றான் அவன். தளபதி கை கழுவப் போன நேரம் பார்த்து, தலை நிமிராமல் சொன்னான்: "உன் வெள்ளாட்டைக் காணோம். சுனைப் பக்கம் போனதைப் பார்த்தேன். விடிகிறதுக்கு முன்னாலேயே போய்த் தேடு. எல்லாரும் சேர்ந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும்."

ஓர் ஆட்டைத் தேட எதற்கு எல்லாரும் என்று சீராயி நினைத்தாள். விடியலில் எழுந்தாள். அப்பா அசந்து தூங்கினார். மாதாயி சுருண்டு கிடந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. தனியாகப் போனாள்.

கை நீட்டினால் விரல் தெரியாத பனி. சுனையருகே ஆடு நின்றது. மரத்தில் கட்டியிருந்தது. கட்டியிருந்த துணி இருளப்பனின் தலைப்பாகை.

அதைத் தொட்டதும் சீராயிக்கு எல்லாம் விளங்கியது. "அய்யா!" என்று கத்திக்கொண்டு திரும்பினாள். அந்த நொடியில் முரசு அடித்தது.

என்னவெல்லாம் நடந்தது என்று நான் விரித்துச் சொல்லப்போவதில்லை. பனிக்குள்ளே கூரைகள் சிவந்தன. நாய்கள் குரைத்தன, பிறகு குரைக்கவில்லை. ஓடிய சீராயியின் கால் ஈரப்பாறையில் வழுக்கியது. சுனைக்குள் விழுந்தாள். சுனைக்கு அடியில் ஒரு குகை. அதற்குள் போய் ஒதுங்கினாள்.

அதே நேரம் அரண்மனையில் நாகதத்தன் 'வரையார்' என்று மையால் எழுதினான். மை காய்ந்தது. கொன்றவர்கள் மறந்தார்கள், கையில் ஏன் ரத்தம் என்று தெரியாமல் மலையிறங்கினார்கள். ராஜா மறந்தார். தப்பி ஓடிய இருபத்தோரு வரையாரும், ஓடுகிற ஓட்டத்திலேயே தாங்கள் யாரென்பதை மறந்தார்கள்.

சுனைக்குள் மட்டும் மை எட்டவில்லை. சீராயி மறக்கவில்லை.

அவள் மேலே வந்து பார்த்தாள். சாம்பல். முப்பத்தொன்பது பேர். தங்கையைக் காணோம். மூன்று நாள் தனி ஆளாகக் குழி வெட்டினாள். அழலாம் என்று வாயைத் திறந்தாள், அப்பாவின் பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். வாயைத் திறந்தால் வந்தது பனி. அழுகையும் வரவில்லை, பேரும் வரவில்லை.

நான்காம் நாள் விடியலில் உலக்கைச் சத்தம் கேட்டது. டொக்கு, டொக்கு.

எழுந்து பார்த்தாள். பனிக்குள் யாரோ சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ ஆடுகளை ஓட்டிப் போனார்கள். ஆடுகள் இல்லை, ஓட்டுகிற சத்தம் மட்டும். சீராயி கிட்டப் போனாள். அவர்களுக்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பனி. அவளைத் தாண்டி ஓர் உருவம் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனது. அவளை அது பார்க்கவில்லை. பார்க்கக் கண் ஏது?

சீராயி சுனைக்கு ஓடிப்போய்க் குகைக்குள் பதுங்கினாள். உள்ளே ஒரு கிழட்டு வரையாடு நின்றது. வளைந்த கொம்பு, வெண்தாடி.

"நான் பேசுகிறேன் என்று பயப்படாதே. பயப்பட வேண்டியது வெளியே இருக்கிறது" என்றது அது.

"என் ஆட்கள் ஏன் போகாமல் நிற்கிறார்கள்?"

"பேர் இல்லாதவர்கள் எந்த வழியில் போவார்கள்? ராஜசபையில், ராஜா காது கேட்க, உங்கள் குலத்தின் பேரை மூன்று முறை சொல்ல வேண்டும். அப்போது மை உடையும்."

"எனக்குச் சொல்ல வரவில்லையே!"

"உன் நாக்கை மை கட்டிவிட்டது. உன் உப்பைத் தின்ற நாக்கு தொடங்கிவைக்க வேண்டும். அதுவும் தானாகவே மனசு வந்து." வரையாடு பாறையைக் கொம்பால் முட்டியது. மூன்று உப்புக் கட்டிகள் உதிர்ந்தன. "உன் வீட்டில் தின்றவர்கள் மூன்று பேர். சோற்றில் போட்டுக் கொடு. மறந்ததெல்லாம் ஞாபகம் வரும். ஞாபகம் வந்தபின் என்ன செய்வார்கள் என்பது அவரவர் பாடு."

சீராயி உப்பை முந்தானையில் முடிந்துகொண்டு மலையிறங்கினாள்.

அடிவாரச் சந்தையில் ஒரு பெண் புல்லுக்கட்டு விற்றுக்கொண்டிருந்தாள். மாதாயி! சீராயி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவள் விலக்கினாள்.

"யாரம்மா நீ?"

"உன் அக்கா."

"எனக்கு அக்காவா? இருக்கலாம். எனக்கு எதுவும் ஞாபகமில்லை" என்றாள் மாதாயி. "புல் வேண்டுமா?"

சீராயி கோட்டைக்குப் போனாள். அங்கே சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். தளபதி வீரமல்லனின் சோற்றில் முதல் உப்புக் கட்டியைக் கரைத்தாள்.

ஒரு கவளம். தளபதியின் கை நின்றது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. சீராயியை ஏறிட்டுப் பார்த்தான், அடையாளம் தெரிந்துகொண்டான்.

"ராஜசபைக்கு வந்து சொல்" என்றாள் அவள்.

"ஆணை. எனக்கு வந்தது ஆணை" என்றான் தளபதி. வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று வாயை இறுக மூடினான். மூடிய வாய் மூடியபடியே ஒட்டிக்கொண்டது. தண்ணீர்கூட இறங்காமல் ஏழாம் நாள் செத்துப்போனான்.

இரண்டாவது கட்டியை எடுத்துக்கொண்டு முரசுக்காரன் சாத்தனைத் தேடிப் போனாள். கோயில் வாசலில் முரசு அடித்துக்கொண்டிருந்தான். கொடுத்த கூழைக் குடித்தான். குடித்ததும் முரசைக் கீழே போட்டு விழுந்து விழுந்து அழுதான்.

"ஐயோ, அந்த இளையவளுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தேனே! அதே கையால் அடித்தேனே!"

"ராஜசபைக்கு வந்து சொல்."

"முடியாது. இது மனசில் இருக்கக் கூடாது. என்னால் சுமக்க முடியாது!" என்று எழுந்து ஓடினான். எங்கே ஓடினான்? நேராக நாகதத்தனிடம். "ஐயா, மறுபடியும் மறக்க வையுங்கள்!" என்று காலில் விழுந்தான்.

நாகதத்தன் அவனுக்கு மையை ஒரு கிண்ணம் குடிக்கக் கொடுத்தான். சாத்தன் எல்லாவற்றையும் மறந்தான். பேச்சை மறந்தான், நடக்க மறந்தான், தன் பேரை மறந்தான். நாகதத்தனுக்கோ வரையாரில் மறக்காத ஒருத்தி மிச்சம் இருப்பது தெரிந்துவிட்டது. "பிடித்து வாருங்கள்" என்று நாலாபக்கமும் ஆள் விட்டான்.

கடைசிக் கட்டியோடு சீராயி ஆற்றங்கரைக்கு வந்தாள். அங்கே இருளப்பன் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்தான். வாளை எதற்கு விட்டோம் என்று தெரியாமலே விட்டிருந்தான்.

அவள் கொடுத்த சோற்றைத் தின்றான். துடுப்பைக் கீழே வைத்தான்.

"ஆடு கிடைத்ததா தாயி?"

"கிடைத்தது. நான் யாரையும் எழுப்பாமல் போய்விட்டேன் அண்ணே."

"நீ என்ன செய்வாய்? நான் ஆடு என்றுதானே சொன்னேன். கொல்லப்போகிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பயம்." தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான். "நான் யாரையும் வெட்டவில்லை. தீப்பந்தம் பிடித்திருந்தேன். அது மட்டும் தப்பில்லை என்று சொல்ல மாட்டேன். வா, போகலாம்."

"அங்கே போனால் உயிர் போகலாம்."

"தெரியும். பரிசலில் ஏறு."

இருளப்பன் ராஜாவிடம் முறையிட வந்த குடியானவனாகச் சபைக்குள் நுழைந்தான். சீராயி முக்காடிட்டுப் பின்னால் நின்றாள். ராஜா மானகவசன் "என்ன குறை, சொல்" என்றார்.

தான் தேடிய மலைப்பெண் இவள்தான் என்று நாகதத்தன் கண்டுகொண்டான். மைக்கூட்டைத் தூக்கிப் பிடித்துக் கத்தினான்: "இவன் வாயைத் திறந்தால் மை இவனையே தின்னும்!"

"தின்னட்டும்" என்றான் இருளப்பன். "மகாராஜா, வரையார்!"

சபையில் குளிர் அடித்தது. அவன் வலது கை விரல் நுனியிலிருந்து தோள்வரை கருத்தது. ராஜா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எங்கோ கேட்ட பேர்போல் இருந்தது அவருக்கு.

"வரையார்!" என்றான் மறுபடியும். அவன் கண் இரண்டிலும் இருட்டு மூடியது. தடுமாறினான். சீராயி ஓடிவந்து அவனைத் தாங்கினாள். மூன்றாம் முறை சொல்ல வாயெடுத்தான். நாக்கு கருத்துக் கட்டையாகிவிட்டது. நாகதத்தன் சிரித்தான்.

சீராயி வாயைத் திறந்தாள். வந்தது பனி. பனிக்குப் பின்னால் ஏதோ வந்தது. இரண்டு முறை ஒருவன் சொன்னதில் மை பாதிக்கு மேல் விரிசல் விட்டிருந்தது. இருமினாள், மூச்சை இழுத்தாள், வயிற்றிலிருந்து கத்தினாள்:

"வரையார்!"

மைக்கூடு நாகதத்தன் கையிலேயே வெடித்தது. மை முழுவதும் அவன்மேல் வழிந்தது. சபையில் இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். "யார் இவன்? எப்படி உள்ளே வந்தான்?" என்று காவலர் கேட்டார்கள். அவனும் தன் பேரைச் சொல்லப் பார்த்தான். வந்தது பனி. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அப்புறம் அவனை யாருக்கும் தெரியாது.

ராஜாவுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஓலையைக் கொண்டுவரச் சொன்னார். தன் முத்திரையைப் பார்த்தார்.

"படிக்காமல் வைத்தேனே" என்றார்.

"ஆமாம் மகாராஜா. படிக்காமல் வைத்தீர்கள்" என்றாள் சீராயி. 'போகட்டும்' என்று அவள் சொல்லவில்லை.

"உனக்கு என்ன வேண்டும் அம்மா?"

"மூன்று வேண்டும். பள்ளத்தாக்கு எங்களுடையது என்று பாறையில் வெட்ட வேண்டும். நடந்ததை ஊர் ஊராக முரசறைந்து சொல்ல வேண்டும். நீங்கள் நடந்தே மலையேறி வந்து அவர்களைப் பார்க்க வேண்டும்."

ராஜா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். விடியும் நேரத்துக்கு உச்சியை அடைந்தார்கள். பனி அப்படியே நின்றது. உலக்கைச் சத்தம் கேட்டது. முகமில்லாத உருவங்கள் போவதும் வருவதுமாக இருந்தன. ராஜா நின்று பார்த்தார். திரும்பிப் போகவில்லை.

சீராயி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். "கூத்தாயி அத்தை!" உலக்கை நின்றது. பனி விலகி ஒரு முகம் தெரிந்தது. அத்தை அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வெளிச்சத்துக்குள் போனாள். "கொங்கணா! வேம்பாயி! சின்னக்கண்ணு!" பேர் சொல்லச் சொல்ல முகம் வந்தது. முகம் வந்தவர்கள் போனார்கள். முப்பத்தெட்டுப் பேர் போனார்கள்.

கடைசியாக இடது காலைச் சாய்த்துக்கொண்டு ஒருவர் நின்றார்.

"அய்யா" என்றாள். "சடையாண்டி அய்யா. நான் உங்களை எழுப்பவில்லையே அய்யா."

அப்பாவின் முகம் தெரிந்தது. "நல்ல தூக்கம் அம்மா எனக்கு. ஆட்டைத் தேடப்போகிற பெண் ஊரையா எழுப்புவாள்?" என்றார். பிறகு ராஜாவைப் பார்த்தார். "நான் வந்து வாளைத் தொட்டேன். நான்கு நாள் தாமதம். அவ்வளவுதான்" என்றார்.

ராஜா மண்டியிட்டு மண்ணில் தலைவைத்தார். நிமிர்ந்தபோது பெரியவர் இல்லை. பனியும் இல்லை. பள்ளத்தாக்கு முழுக்க வெயில். சீராயி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அழுது முடிப்பதற்குள் கீழ்ப்பாதையில் ஆள்சத்தம். முதலில் மாதாயி, தலையில் இருந்த புல்லுக்கட்டைக் கீழே போடக்கூட மறந்து ஓடி வந்தாள். "அக்கா! அக்கா, நான் உன்னை யாரென்று கேட்டேனே!" அவள் பின்னால் ஒருவர், இருவராக, அவளோடு சேர்த்து இருபத்தோரு பேரும் வந்து சேர்ந்தார்கள்.

கூடவே கைபிடித்து அழைத்து வந்த இருளப்பனின் கண்ணையும் நாக்கையும் சீராயி சுனைத் தண்ணீரால் கழுவினாள். பார்வை வந்தது, பேச்சும் வந்தது. கை மட்டும் கருப்பாகவே நின்றுவிட்டது. அவனை ஊருக்குள் சேர்ப்பதா என்று பேசினார்கள். சிலர் சரி என்றார்கள், சிலர் கூடாது என்றார்கள். அவனே எழுந்து, "நான் ஆற்றங்கரையிலேயே இருக்கிறேன். மலைக்கு வருகிறவர்களைப் பரிசலில் ஏற்றும்போது நடந்ததைச் சொல்கிறேன்" என்றான். சாகும்வரை அப்படியே சொன்னான்.

சீராயி குலத்துக்குத் தலைவியானாள். அந்த ஆண்டு சாமை விளைந்தபோது மலையில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். மறு ஆண்டு இருபத்து மூன்று. அந்த இருபத்து மூன்றாவது ஆள் மாதாயி பெற்ற பெண் குழந்தை. அவளும் நன்றாக வாழ்ந்தாள், அவள் வயிற்றுப் பிள்ளைகளும் நன்றாக வாழ்ந்தார்கள். கேட்டவர்களே, நீங்களும் நன்றாக இருங்கள்.